கற்ற தொழிலும் குடும்பத் தொழிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், விருதுநகர் மாவட்டத்திலே, இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அண்மையில் அமைந்த இரு நகரங்கள். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இராசபாளையமோ பஞ்சுக்கும் நூலுக்கும் பெயர் பெற்றது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் அங்கு நூற்பாலை நிறுவனத்தைத் தோற்றுவித்தார்; 1939இல் மருத்துவப் பஞ்சு ஆலை நிறுவனமும் தோன்றியது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில், புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்து பல குடும்பங்கள் வாழ்கின்றன.

இத்தகைய குடும்பத் தொழில்கள் நெடுங்காலம் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றன. மகளும் உழைத்தாள், ஆயினும் அவள் உரிமையுடையவளாக எண்ணப்படவில்லை. 1989ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற் செய்யப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், அதுவரை மணமாகாதிருந்த மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மைந்தரோடு ஒத்த பிறப்புரிமையை அளித்தது. 2005இல் நடுவண் அரசின் திருத்தம் மகளிரின் பிறப்புரிமையை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. உரிமை வந்தபின் பொறுப்பும் வருமன்றோ?

ஆடை வடிவமைப்பைக் கற்பிக்கும் தேசிய நிறுவனத்தின் சென்னை வளாகம் 1995இல் தொடங்கப் பெற்றது. அத்தகைய கல்வி பெற்று, நகரத்தில் புதுப்புது உடைகளை வடிவமைத்து வந்த பெண்ணொருத்தி, தந்தையின் தறிக்கூடத்தை ஏற்கச் சத்திரப்பட்டிக்குத் திரும்புகிறாள் என்று கொள்வோம். “பட்டிலும் பூவேலையிலும் தேர்ந்தவளுக்குக் கட்டுத்துணியில் என்ன வேலை? படித்த படிப்பெல்லாம் வீணாயிற்றே!” என்று உறவினர் இரங்குவர். அவ்விரக்கம் பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

அவள் புதிதாகக் கற்க வேண்டுவன பல. உடைத்துணிக்கு நிறமும் பளபளப்பும் சிறப்பு. கட்டுத்துணிக்கோ இழைகள் இடைவிட்டு நிற்றலும், தூய்மையும், நீரை உறிஞ்சும் தன்மையுமே சிறப்பு. பஞ்சின்மேல் இயற்கையாகவே மெழுகு படிந்துள்ளது. ஆதலால் பதப்படுத்தாத பஞ்சு எளிதில் நீரை ஏற்பதில்லை. காரநீரில் வேகவைத்து, வெளுத்து, நன்றாக அலசிய பின்னரே அது நீரை விரைந்து உறிஞ்சும். அலசுதலிற் குறை நேர்ந்து காரம் எஞ்சிவிட்டால் அது புண்ணை வருத்தும். உடையில் நேரும் பிழை அணிபவரின் தோற்றத்தைக் கெடுக்கும். கட்டுத்துணியில் நேரும் பிழையோ நோயாளியின் உடலைக் கெடுக்கும்.

எனினும், அவள் முன்பு கற்றது அவளை விட்டு நீங்குவதில்லை. நூலைத் தொட்டதும் அதன் தரத்தை அறியும் விரலும், நெசவின் குறையைக் காணும் கண்ணும், துணி வீணாகாமல் வெட்டும் கணக்கும் புதிய தொழிலிலும் அவளுக்குத் துணை நிற்கும்.

இதற்குச் செருமனி நாட்டிலே ஒரு சான்று உண்டு. 1847இல் பிறந்த மார்கரெட் ஸ்டைப் என்னும் அம்மையார், குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். அவர் தையற்கலை பயின்று, 1877இல் கம்பளித் துணியால் உடைகள் தைத்து விற்கலானார். 1880இல் குண்டூசி செருகி வைப்பதற்காகச் சிறிய யானை வடிவங்களைத் தைத்தார். குழந்தைகளோ அவற்றை விளையாட்டுப் பொருளாக விரும்பினர். அதனைக் கண்டுகொண்ட அம்மையார் பொம்மைத் தொழிலுக்குத் திரும்பினார். தம்பியும் தம்பி மக்களும் துணை நிற்க, அது குடும்பத் தொழிலாய் வளர்ந்தது. 1902இல் தம்பி மகன் ரிச்சர்டு வடிவமைத்த கரடிப் பொம்மை உலகப் புகழ் பெற்றது. உடை தைத்த ஊசியே பொம்மையையும் தைத்தது. மாறியது பொருளேயன்றிக் கைத்திறன் அன்று.

ஆயின், திரும்பி வரும் மகள் கற்றவள் என்னும் செருக்கை விடுத்து, தறியருகே மாணவியாய் அமர்தல் வேண்டும். முதுமையுற்ற நெசவாளர் ஒருவர் அறிந்ததை எந்தக் கல்லூரியும் முழுமையாகக் கற்பித்துவிடாது. குடும்பத்தாரும் உழைப்பை மட்டும் அவளிடம் தந்து, கணக்கேட்டையும் பெட்டிச் சாவியையும் தம்மிடமே வைத்துக் கொள்ளலாகாது. வர விரும்பாத மகளை வற்புறுத்தி அழைத்தலும் அறமன்று. விருப்பம், பணிவு, அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய வீட்டில் தறியும் நிலைக்கும்; கற்ற கல்வியும் பயன் தரும்.