தம்பியின் பேச்சுக்கு உதவி தேடும் அக்காவுக்கு



இரண்டரை வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையின் நாவில் வசம்பு தேய்த்துவிட்டு, அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார் என்று தேற்றிக்கொள்ளும் வீடுகளில், மொழி விரைந்து படியும் வயது வீணே கழிந்துவிடுகிறது. காதில் சரியாக விழாத ஒலியை வாய் கற்றுக்கொள்ள இயலாதாகையால், அக்குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது செவிச் சோதனை. ‘பெரா’ எனப்படும் சோதனையில், உறங்கும் குழந்தையின் தலையிலும் காதருகிலும் மின்முனைகளை ஒட்டி, காதில் செலுத்தும் ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மறுவினையைப் பதிவுசெய்வர்.

அதன்பின் நாட வேண்டியவர் பேச்சு மொழி நோயியல் வல்லுநர். மக்கள் வழக்கில் ஸ்பீச் தெரபிஸ்ட். உச்சரிப்புப் பிழை, மொழித் தாமதம், திக்குதல் ஆகியவற்றோடு, பக்கவாதத்திற்குப்பின் விழுங்க இயலாமையும் இவர் துறையைச் சேர்ந்தது. இதற்கான அடிப்படைத் தகுதி பி.ஏ.எஸ்.எல்.பி. என்னும் நான்காண்டுப் பட்டம். அதனுடன் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவும் வேண்டும். பெயர்ப்பலகை எவரும் மாட்டலாம் என்பதால், பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

தனியார் நிலையங்களைத் தேடுமுன், 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரிப்பது நன்று. பதினெட்டு வயதுவரை அங்குக் கட்டணமில்லை. சென்னையை ஒட்டியுள்ளோருக்கு முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் உண்டு.

தகுதிக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது வல்லுநரின் செவிக்கு வீட்டுத் தமிழ் பழகியிருக்கிறதா என்பதாகும். படம் காட்டிப் பெயர் கேட்கும்போது ‘ரயில்’ என்பதை ‘லயில்’ என்னும் ஐந்து வயதுக் குழந்தை, அதே ஒலியைச் சொல்லின் இடையிலும் மாற்றுகிறதா என அவர் கூர்ந்து கேட்பார். ஆனால் ‘பழம்’ என்பதைப் பெரியவர்களே ‘பளம்’ என்னும் ஊரில், குழந்தையின் ‘பளம்’ குறைபாடன்று, ஊர்வழக்கு. இவ்வேறுபாடு தெரியாதவரிடம் நலமான பேச்சும் நோயாகிவிடும்.

பயிற்சியறைக்குள் வீட்டாரை அனுமதித்து, அன்று செய்ததை வீட்டில் தொடரக் கற்றுத்தருபவரே ஏற்றவர். வாரத்தில் ஓரிரு மணி நேரத்தில் மட்டும் பேச்சு வளர்வதில்லை. புது இடத்தில் குழந்தைகள் வாய்திறவாமல் இருப்பது இயல்பாதலால், தம்பி விளையாட்டில் தன்னை மறந்து பேசும் ஐந்து நிமிடத்தை அக்கா கைப்பேசியில் பதிந்து, முதல் நாளன்றே கொண்டுசெல்லலாம்.