கராடிச் சாலைக்கு ஒரு ரேடார்: 35 மைக்ரோவினாடியைப் பங்கிடும் முறை

கார் ரேடார், அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் குறுந்துடிப்புகளை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. ஒரு துடிப்புக்குப் பெயர் சிர்ப். பல சிர்ப்புகள் சேர்ந்தது ஃபிரேம். இவற்றின் நேரங்களை அமைக்கும்போது தூரத்தில் தொடங்கினால் கடைசியில் வேகம் இடிக்கும். வேகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

புணேயின் கராடியில், நடுத்தடுப்பு இல்லாத ஒரு சாலையில் இரு வண்டிகள் தலா 50 கிமீ வேகத்தில் எதிரெதிரே வருவதாகக் கொள்வோம். ஒப்பு வேகம் 100 கிமீ, அதாவது நொடிக்குச் சுமார் 28 மீட்டர். 76 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.9 மிமீ. அதை இந்த வேகத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பது 35 மைக்ரோவினாடி. ஒரு சிர்ப்புக்கும் அதன் இடைவெளிக்கும் சேர்த்து இவ்வளவுதான் உண்டு.

அடுத்து, பங்கீடு. அதிர்வெண் கீழிறங்கி நிலைகொள்ள 7 மைக்ரோவினாடி ஓய்வு. ஏற்றம் சீராகும்வரை, எதிரொலியை எண்களாக்கும் ஏடிசி காத்திருக்க 6. சாம்பிள் எடுக்க 20. ஏற்றத்தின் வால்பகுதிக்கு 2. நூறு மீட்டர் போய்த் திரும்பும் எதிரொலிக்கு 0.67 மைக்ரோவினாடி ஆகும். அந்த 6-க்குள் அதுவும் அடக்கம். ஓய்வைக் கடித்துக்கொண்டு சாம்பிளைக் கூட்டும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுத்தால் சிர்ப்பின் தொடக்கம் நடுங்கி, இரைச்சல் ஏறும்.

ஏற்றச் சரிவு மைக்ரோவினாடிக்கு 15 மெகாஹெர்ட்ஸ் என்றால், 28 மைக்ரோவினாடி ஏற்றத்தில் 420 மெகாஹெர்ட்ஸ் செலவாகும். 76.1-இல் தொடங்கினால், 2015 விதிகளின்படி இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 76–77 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளேயே முடியும். நொடிக்கு 1 கோடி சாம்பிள் வீதம் 200 சாம்பிள் கிடைக்கும். எல்லை 100 மீட்டர், தூரப் பிரிதிறன் அரை மீட்டர்.

பலரும் சறுக்கும் இடம் இனிதான். கோணத்தைக் கூர்மையாக அறிய இரண்டு அனுப்பு ஆன்டெனாக்கள் மாறி மாறி இயங்கினால், ஒரே ஆன்டெனாவின் முறை 70 மைக்ரோவினாடிக்கு ஒருமுறைதான் வரும். வேக எல்லை பாதியாகி 50 கிமீயில் நிற்கும். அப்போது 80 கிமீ ஒப்பு வேகத்தில் நெருங்கும் பைக், 21 கிமீ வேகத்தில் விலகிப்போவதாகத் தெரியும்! சிர்ப் இடைவெளி வேறான இன்னொரு ஃபிரேமை மாற்றி மாற்றி அனுப்பி, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீரும். இல்லையென்றால் ஒரு ஆன்டெனாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரு அனுப்பு ஆன்டெனாக்களும் ஒரு ஃபிரேமில் தலா 128 முறை, அதாவது 128 சுற்று, இயங்கினால் ஃபிரேமின் வேலைநேரம் 8.96 மில்லிவினாடி. 50 மில்லிவினாடிக்கு ஒரு ஃபிரேம் வைத்தால் கணக்கீட்டுக்கு 41 மிஞ்சும், அது தாராளம். நினைவகம்தான் நெருக்கும். கணக்கீட்டுக்காக 200 சாம்பிள், இரண்டின் அடுத்த அடுக்கான 256-க்கு உயர்த்தப்படுகிறது. தலா 4 பைட், 4 வாங்கு ஆன்டெனா, இரு அனுப்பு ஆன்டெனாக்களுக்கும் சேர்த்து 256 சிர்ப் என்று பெருக்கினால் சரியாக 1 எம்பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏடபிள்யூஆர்1843 சிப்பில் ரேடார் தரவுக்கான இடமே அவ்வளவுதான். இடைக்கணக்குகளை வைக்க மூலை மிஞ்சாது.

எண்களைப் பதியும்போது, இந்தச் சிப்பில் சிர்ப் நேரங்கள் 10 நானோவினாடி மடங்குகளாகவும், ஃபிரேம் நேரம் 5 நானோவினாடி மடங்குகளாகவும் இருக்க வேண்டும். ஏடிசி தொடக்கம் 40.95 மைக்ரோவினாடியைத் தாண்டக் கூடாது.

நினைவகத்தில் இடம் போதாதபோது முதலில் குறைக்க வேண்டியது சுற்றுகளின் எண்ணிக்கை. அதை 64 ஆக்கினால் நினைவகம் பாதியாகும். வேகப் பிரிதிறன் 0.8 கிமீயிலிருந்து 1.6 கிமீ ஆகும். மணிக்கு 4 கிமீ வேகத்தில் வண்டியை நோக்கி நடந்து வருபவரை, அசையாமல் நிற்கும் வண்டிகளிடமிருந்து பிரித்துக் காட்ட அது போதும்.