ஏற்காடு பஸ்ஸில் லேப்டாப் பை

சேலம் அடிவாரத்தைத் தாண்டினால் ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லாத ஊரிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். கீழே வியர்வை, மேலே ஸ்வெட்டர். சேலத்தில் படிக்கும் நாகலூர், செம்மநத்தம் பிள்ளைகள், எஸ்டேட் கணக்கு பார்ப்பவர்கள், சனி ஞாயிறு தங்க வரும்போது ஆபீஸ் வேலையையும் கூடவே தூக்கிவருபவர்கள் என்று பலரும் லேப்டாப்பை முதுகுப்பையில் வைத்துத்தான் இந்தப் பாதையில் போய்வருகிறார்கள். எல்லோரும் பயப்படுவது மழைக்கு. மழைக்கும் வழி இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை திரையை உடைப்பது மழை அல்ல, அதே பைக்குள் அதை நெருக்கிக்கொண்டிருக்கும் சாமான்கள்தான். அதனால் குறிப்புகளைப் பைக்கு உள்ளேயிருந்தே தொடங்குகிறேன்.

1. புதுப் பை வாங்கும்போது எத்தனை அறை இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன், லேப்டாப் அறைக்குள் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். அந்த அறையின் அடி, பையின் அடியோடு ஒட்டியிருந்தால் வேண்டாம். இரண்டு மூன்று விரல் அளவாவது மேலே தொங்கலாக நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பையைத் தொப்பென்று கீழே வைக்கிறோமே, அந்த அடி முழுவதும் லேப்டாப்பின் விளிம்பில்தான் இறங்கும். ஏற்கெனவே இருக்கும் பை அப்படித்தான் என்றால் புதிது வாங்கத் தேவையில்லை. ஒரு பழைய துண்டை நான்காக மடித்து அந்த அறையின் அடியில் திணித்துவிடுங்கள். மலைக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டரையும் இப்படி வைக்கலாம், ஈரமாக இல்லாதவரை.

2. பரீட்சை அட்டை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் ஒன்று கிடக்கும். மேலே இருக்கும் கிளிப்பைத் திருப்புளியால் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் அதுவே திரையை அழுத்தும். முனைகளைச் சுற்றித் துணி டேப் ஒட்டி, லேப்டாப்புக்கும் புத்தகங்களுக்கும் நடுவில் செருகுங்கள். வளைவில் பஸ் திரும்பும்போது டிபன் பாக்ஸின் மூலையோ சார்ஜர் கட்டையோ ஒரே புள்ளியில் குத்தினால், அந்த அழுத்தத்தை அட்டை வாங்கிப் பரப்பிவிடும். காசு கொடுத்து வாங்கும் மெத்தென்ற உறை கீறலைத் தடுக்கும், சிறு இடியைத் தாங்கும். ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தை அதனால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. உறையும் அட்டையும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு.

3. லேப்டாப்பின் மூடிப் பக்கம் உங்கள் முதுகைப் பார்த்து இருக்கட்டும், அடிப்பாகம் சாமான்களைப் பார்த்து இருக்கட்டும். மூடிக்குப் பின்னால்தான் திரை இருக்கிறது. அடிப்பாகம் அதைவிட அழுத்தம் தாங்கும்.

4. சார்ஜருக்குத் தனிப் பை. அது எப்போதும் முன் அறையின் அடியில், லேப்டாப்புக்கு எட்டாத தூரத்தில். மவுஸின் குட்டி ரிசீவர், பென் டிரைவ் எதையும் செருகியபடி பையில் வைக்காதீர்கள். பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் துளையே நெளிந்துபோகும். மூடும்போது கீபோர்டின் மேல் பேனா, இயர்போன், ஒரு ஜெம் கிளிப்கூட இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவை மறைக்கத் தடித்த மூடி ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இன்றைய மெல்லிய லேப்டாப்களில் மூடிக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடைவெளி என்று ஒன்று இருப்பதே இல்லை.

5. பைக்குள் வைக்கும் முன் ஷட்டவுன் செய்யுங்கள். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். அப்டேட் வந்தாலோ மூடி லேசாக அசைந்தாலோ சில லேப்டாப்கள் விழித்துக்கொள்ளும். காற்றே புகாத பைக்குள் ஓடி, கை வைக்க முடியாத சூட்டுக்குப் போய்விடும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்து லேப்டாப் என்றால் இது இன்னும் முக்கியம். அவற்றில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். லேப்டாப்களில் அது பொதுவாக நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். சுற்றும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் தகடு கீறிவிடக்கூடும். சுழற்சி நின்றிருந்தால் அந்தப் பயம் வெகுவாகக் குறையும். புதிய எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது.

6. பஸ்ஸில் எங்கே வைப்பது? மடியில்தான். தலைக்கு மேல் இருக்கும் கம்பித் தட்டில் வைத்தால் ஏழாவது வளைவுக்குள் அது அடுத்தவர் தலைக்கு மேல் போயிருக்கும். கூட்டத்தில் கண்டக்டர், "பையைத் தூக்கி மேல போடும்மா" என்பார். "லேப்டாப் இருக்குதுங்கண்ணா, மடியிலயே வெச்சுக்கறேன்" என்றால் போதும், அதற்குமேல் வற்புறுத்த மாட்டார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி இருக்கும் பஸ்ஸில் அதன்மேல் பையை வைக்கவே கூடாது. மலையேறும்போது இன்ஜின் முழு மூச்சில் இழுக்கிறது, அந்தச் சூடு நேராகப் பேட்டரிக்குப் போகும். முடிந்தால் நடு சீட்டாகப் பிடியுங்கள். பின் சக்கரத்துக்கு மேலும் கடைசி வரிசையிலும் குலுக்கல் அதிகம்.

7. காரில் போகிறவர்கள் மே மாதத்தில் சேலத்தில் சாப்பிட நிறுத்தினால் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். லேப்டாப்பை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத இடத்தில் வையுங்கள் என்று சில தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பார்கள். வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும்.

8. இனி மழை. ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா நேரத்திலும் பிற்பகலில் சட்டென்று ஒரு மழை இறங்கும். பைக்கு மேல் மாட்டும் மழை உறை நல்லதுதான், ஆனால் அது முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்திலிருந்து வழியும் தண்ணீர் சட்டையை நனைத்து, சட்டை வழியாகப் பைக்குள் இறங்கும். லேப்டாப் இருப்பதோ சரியாக அந்தப் பக்கம். எனவே உள்ளேயும் ஓர் உறை வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் கேரி பேக் இதற்குத் தாங்காது, 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் இருக்கிறது. வாயைச் சுருட்டி மாட்டும் நீர்புகாப் பை கடைகளில் கிடைக்கிறது. கிழிந்துபோன ரெயின்கோட் வீட்டில் இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து, லேப்டாப்பைவிட ஒரு சாண் நீளமாக ஒரு பை தைத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சாணை மடித்துக் கீழே செருகினால் போதும், ஜிப்பே வேண்டாம். தையல் ஓடிய இடத்தில் மட்டும் உள்பக்கமாக டேப் ஒட்டுங்கள், ஊசித்துளை வழியாகத் தண்ணீர் கசியும்.

9. பையின் இரண்டு ஜிப் தலைகளையும் நடு உச்சியில் சந்திக்க விடாதீர்கள். மழை முதலில் விழுவது அங்கேதான். ஒரு பக்கமாக, தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

10. பனிமூட்டத்தைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். மேலே ஏறும்போது லேப்டாப்பில் நீர் கோப்பது அபூர்வம், ஏனென்றால் அது காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. கவனம் தேவைப்படுவது இறங்கும்போது. டிசம்பர், ஜனவரி ராத்திரி முழுவதும் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பை விடியற்காலையில் காரிலோ பைக்கிலோ சேலத்துக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால், கீழே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அந்தச் சில்லென்ற உடம்பில் பட்டு நீராகக் கோக்கும். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குகிறதே, அதே சங்கதிதான். மங்கலைத் துடைத்துவிடலாம், போர்டுக்குள் கோத்த நீரைத் துடைக்க முடியாது. வந்து சேர்ந்ததும் அரை மணி நேரம் பையைத் திறக்காமல் அறையில் வையுங்கள். மூடிய பைக்குள்ளேயே அது மெதுவாக அறைச்சூட்டுக்கு வந்துவிடும்.

11. மேலே தங்கும் நாட்களில் நேர்மாறாகச் செய்ய வேண்டும். எஸ்டேட் வீடுகளில் தோல் செருப்பும் பெல்ட்டும் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் ஏறிய பைக்குள் லேப்டாப்பை நாள்கணக்கில் பூட்டிவைக்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் வெளியே எடுத்து, பையைத் தலைகீழாகக் காயப்போடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் லேப்டாப்பை ஓடவிட்டால் அதன் சொந்தச் சூடே உள்ளே சேரும் ஈரத்தை விரட்டும். செருப்பு டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து, நான்கைந்தை உறைக்குள் போட்டுவையுங்கள். நாளாக ஆக அவை ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும், மாற்ற வேண்டும்.

12. வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். வாழைப்பழமோ சிப்ஸோ வாசனை அடித்தால் பையோடு இழுக்கும். தின்பண்டம் தனிப் பையில் போகட்டும். திரும்பும்போது வாங்கும் மிளகு, காபித்தூள், ஆரஞ்சு எல்லாமும் அப்படியே. நீலகிரித் தைலத்தை மட்டும் கட்டாயம் தள்ளி வையுங்கள். ஸ்டிக்கர் பசையையே கரைத்து எடுக்கும் எண்ணெய் அது, மூடி கசிந்தால் சில பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுத்துவிடும்.

13. மலை ஏறினால் சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, பேட்டரியும் உப்புமா என்று கேட்கிறார்கள். இல்லை. வெளியே காற்றழுத்தம் குறைவதால் பாக்கெட் உப்புகிறது. ஏற்காட்டின் உயரம் லேப்டாப்புக்கு ஒரு பொருட்டே அல்ல, சுழலும் ஹார்டு டிஸ்க்குகளே பொதுவாக 3,000 மீட்டர் வரை ஓடும்படி செய்யப்பட்டவை. ஆனால் டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ மேஜையில் வைத்தால் அடிப்பக்கம் ஆடினாலோ பேட்டரி பழுதாகி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பையில் வைத்துக் கூட்ட பஸ்ஸில் ஏறாதீர்கள், முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

14. கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதை செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். அன்றைக்கு லேப்டாப் அறையிலேயே இருக்கட்டும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போகிறவர்கள் போட்டோ எடுக்கப் பையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைக்க வேண்டாம்.

15. கிளம்புவதற்கு முன் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், லேப்டாப் பையில் அல்ல. அடியில் இருக்கும் சீரியல் நம்பரை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். தொலைந்தால் போலீஸ் கேட்கும்.

16. இத்தனைக்குப் பிறகும் நனைந்துவிட்டால்: ஓடிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். சார்ஜரைச் செருகாதீர்கள். "ஓடுதான்னு ஒரு தடவை பாத்துடலாம்" என்று ஆன் செய்வதுதான் பிழைக்க வேண்டிய போர்டையும் கொல்கிறது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து கூடாரம்போலக் கவிழ்த்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அரிசியில் புதைக்கவும் வேண்டாம், தூசியும் தவிடும்தான் உள்ளே போகும். மலையில் காற்றே ஈரமாக இருப்பதால் அங்கே காய்ந்துவிட்டது என்று நம்பாமல், சேலம் இறங்கியதும் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். எப்போது நனைந்தது, எந்தப் பக்கம் நனைந்தது, அதன் பிறகு ஆன் செய்தீர்களா என்ற மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். எங்கிருந்து பிரிக்க வேண்டும் என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.