நூலகம் மாறினால் நிரல் வழுவுவது ஏன்?

கணினித் திரையிலே சாளரமும் பொத்தானும் தோன்றுவிக்க வேண்டி, நிரல் எழுதுவோர் அவற்றைத் தாமே புதிதாய் ஆக்குவதில்லை. பிறர் ஆக்கி வைத்த வரைகலை நூலகம் ஒன்றினின்று எடுத்தாளுவர். அத்தகைய நூலகங்களுள் ஒன்று ஜி.டி.கே. என்பது. அதன் மூன்றாம் பதிப்பு 2011-லும், நான்காம் பதிப்பு 2020-லும் வெளிவந்தன. முன்னதற்கென எழுதிய நிரல் பின்னதில் வழுவுவது ஏன், அதனைச் செப்பனிடுவது எங்ஙனம் என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

வழுக்கள் இருவகைப்படும். முதலாவது, பெயர் ஒழிதலால் வருவது. கிடைவரிசைக்கு 'எச்பாக்ஸ்' என்றும் நெடுவரிசைக்கு 'விபாக்ஸ்' என்றும் இருந்த இரண்டும் 2011-லேயே கைவிடத்தக்கன என அறிவிக்கப்பட்டு, நான்காம் பதிப்பில் நீக்கப்பட்டன. திசை கூறின், 'பாக்ஸ்' என்னும் ஒன்றே அவ்விரண்டின் பணியையும் செய்யும். இவ்வழு அஞ்சத்தக்கதன்று. சி மொழியில் எழுதிய நிரலாயின், இன்ன பெயர் அறியப்படாதது என்று தொகுப்பியே சுட்டிவிடும்.

இரண்டாவது, பொருள் திரிதலால் வருவது. 'நாற்றம்' என்னுஞ் சொல் பண்டு நறுமணத்திற்கும் உரியதாய் இருந்தது; இற்றை வழக்கிலோ தீய மணத்தையே குறிக்கும். இஃதறியாது பழஞ்செய்யுள் பயில்வோன், எழுத்தொன்றும் பிழையாமலே பொருள் பிழைப்பான். ஜி.டி.கே.யிலும் அவ்வாறே நேர்ந்தது. மூன்றாம் பதிப்பில் ஓர் உறுப்பைப் படைத்தால், காட்டுக என்று ஏவும்வரை அது மறைந்தே நிற்கும். நான்காம் பதிப்பிலோ, சாளரம் முதலிய சில ஒழிந்த ஏனைய உறுப்புக்கள் இயல்பாகவே காணப்படுவனவாம். ஆகவே, தவறு நேர்ந்தபோது காட்டுதற்கென ஏவாது விட்டிருந்த 'கோப்பைச் சேமிக்க இயலவில்லை' என்னும் அறிவிப்பு, யாதொரு தவறும் நிகழாமுன்னரே திரையில் நிற்கும். தொகுப்பி வாய் திறவாது. பயனரே தம் உழைப்பு அழிந்ததென்று கலங்குவர்.

இனிச் செப்பனிடும் முறை. முதலில் பழைய பதிப்பிலேயே நின்று, கைவிடத்தக்கன பற்றிய எச்சரிக்கைகளைத் தோன்றச் செய்து, அவற்றை ஒவ்வொன்றாய்க் களைக. நிரல் முன்போல் இயங்கக் கண்டபின்னரே புதிய பதிப்பிற்குச் செல்க. இரு பதிப்புக்களும் ஒரே கணினியில் அருகருகே நிறுவத்தக்கனவாதலின், ஒப்பிட்டுப் பார்த்தல் எளிது. அதன்பின் தொகுப்பி சுட்டுவனவற்றைத் திருத்துக.

அவ்வளவில் பணி முடிந்ததென்று கொள்வார் உளர். யாம் அங்ஙனம் கொள்ளேம். நூலகத்தார் வெளியிட்டுள்ள பெயர்ச்சிக் கையேட்டை முற்றும் படித்தல் வேண்டும். ஒவ்வொரு சாளரத்தையும் திறந்து கண்ணாற் காண்டல் வேண்டும். மறைந்திருக்க வேண்டுவனவற்றை மறைக்குமாறு நிரலில் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். பெயர் ஒழிந்ததை இயந்திரம் உரைக்கும்; பொருள் திரிந்ததைக் கற்போனே ஆராய்ந்து காணக் கடவன்.