மனச்சோர்வும் சிந்தனை முறையும்

கவலை எல்லோருக்கும் வருவது. சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் இருண்டு கிடந்து, எதிலும் விருப்பமின்றி, நித்திரையும் பசியும் கெட்டு, அன்றாட வேலைகளும் செய்யமுடியாது போகுமாயின் அதனை மனச்சோர்வு என்னும் நோயாக வைத்தியர்கள் கொள்வர். ஊரிலோ இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இந்நோயில் சிந்தனைக்குள்ள பங்கை 1960களில் எடுத்துக்காட்டியவர் அமெரிக்க மனநல வைத்தியரான ஆரன் பெக் (1921–2021). தம்மிடம் வந்த நோயாளரின் உள்ளத்தில் தம்மைப் பற்றியும், உலகைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்கள் தாமாகவே எழுவதை அவர் கண்டார். வெளிநாட்டிலுள்ள மகன் வழமையான நாளில் தொலைபேசி எடுக்கவில்லை என்று கொள்க. "வேலை கூடிப்போச்சாக்கும்" என்று ஒரு தாய் அடுப்படிக்குப் போய்விடுவார். இன்னொரு தாய்க்கோ, "என்னை மறந்துவிட்டான், எனக்கு ஒருவருமில்லை, இனிக் கடைசிவரை இப்படித்தான்" என்று எண்ணம் ஓடும். நடந்தது ஒன்றுதான்.

இத்தகைய எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது இன்னும் கெடுதலானது. 1989 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. அதற்கு இரு வாரங்கள் முன்னர்தான், மனம் வாடும்போது என்ன செய்வீர்கள் என்று ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவரிடம் உளவியலாளர் சூசன் நோலன் ஹோக்சிமா வினாக்கொத்து மூலம் கேட்டறிந்திருந்தார். அது தற்செயல். ஏழு வாரங்களின் பின் பார்த்தபோது, அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம் சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. பூமியதிர்ச்சிக்கு முன்பிருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே.

அசைபோடுதல் யோசனை போலவே தோன்றும். "ஏன் எனக்கு மட்டும்?" என்ற கேள்விக்கு விடை வராது, வராதபடியால் மனம் மீண்டும் அதையே கேட்கும். "இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டால் சிறிதாயினும் ஒன்று கைக்கு அகப்படும்.

"சும்மா யோசியாதை" என்று வீட்டார் அதட்டுவதால் பயனில்லை. பெக் செய்தது வேறு. மனதில் ஓடுவதை எழுதச் சொல்லி, அதற்குச் சாட்சி உண்டா, வேறு காரணம் இருக்கலாமா என்று நோயாளருடன் கூடியிருந்து ஆராய்ந்தார்.

இழப்பு, வறுமை, பரம்பரை, தைரொயிட் போன்ற உடல்நோய்கள் எனப் பிற காரணங்களும் உண்டு. ஆகையால் "நினைத்து நினைத்து நீயே தேடிக்கொண்டாய்" என்று எவரையும் குறைகூறுதல் நியாயமன்று. உயிரை மாய்க்கும் பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாது உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.