தினைமாவு கேட்ட கிழவர்



போன ஆடிக் கிருத்திகை அன்னிக்கு நான் ஒரு பொய் சொன்னேன். இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எழுதிடறேன்.

மயிலாப்பூரில் எங்க வீட்டு மாடி போர்ஷன் காலியா இருந்தது. காலையில் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய் சிங்காரவேலரைத் தரிசனம் பண்ணிட்டு, விரதத்தோட வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. "சார், டு-லெட் போர்டு பார்த்தேன். நான், என் வொய்ஃப், ஒரு பொண்ணு." அட்வான்ஸ், வாடகை எல்லாம் பேசினோம். கடைசியா பேர் கேட்டேன். சொன்னார்.

"அடடா, நேத்துதான் ஒருத்தர் முடிச்சுட்டுப் போனார், மறந்தே போச்சு" என்றேன். "பரவாயில்லைங்க சார்"னு வெச்சுட்டார்.

யாரும் எனக்குச் சொல்லித் தரலை. அம்மா பக்கத்தில் கூட இல்லை. பேர் காதில் விழுந்ததும் நாக்கு தானா புரண்டது. திரும்ப அழைச்சா எடுக்க வேணாம்னு அந்த நம்பரை 'டு-லெட் பாய்'னு சேவ் பண்ணி வெச்சேன்.

அன்னிக்குச் சாயங்காலம் கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணப் படலம் படிச்சேன். கச்சியப்ப சிவாச்சாரியார் அந்தப் பெரிய நூலை முடிக்கிறதே அந்தப் படலத்தோடதான். கதை நமக்கெல்லாம் தெரியும். முதலில் வேடனா வர்றார். அப்புறம் வேங்கை மரமா நிக்கிறார். கடைசியில் தள்ளாத கிழவரா வந்து, பசிக்குதுங்கறார். வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தாகம்னதும் சுனைக்குக் கூட்டிட்டுப் போறாள். வந்தது யார்னு அவளுக்குத் தெரியாது. ஒரு கிழவருக்குப் பசி, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்சது. நாம இந்த இடத்தை முருகனோட குறும்புன்னு சிரிச்சுட்டே தாண்டிப் போயிடறோம். (நானும் அப்படித்தான்.)

வள்ளி யார்? வேடர் குடியில் வளர்ந்த பொண்ணு. 'குறமகள் வள்ளி'ன்னு உருகி உருகிப் பாடறோமே, அந்த நம்பிராஜன் இன்னிக்கு வில்லும் கையுமா வந்து வாடகைக்கு வீடு கேட்டா நம்ம தெருவில் கிடைக்குமா? புத்தகத்தை மூடிட்டேன். ஆனா போனை எடுக்கலை. வெட்கமா இருந்தது.

ராதாகிருஷ்ணன் சாலையில் சூஃபிதார்னு ஒரு இடம் இருக்கு. எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கேன், ஏதோ வடநாட்டுக்காரங்க மடம்னு நினைச்சுட்டு. 1947 பிரிவினையில் சிந்து மாகாணத்திலிருந்து அகதியா வந்த தாதா ரத்தன்சந்த் ஆரம்பிச்சது. உள்ளே சூஃபி ஞானிகள், நம்ம சாமிகள், சீக்கிய குருமார்கள், ஏசுநாதர் எல்லார் படமும் இருக்கு. 40 வருஷத்துக்கும் மேலா ஒவ்வொரு ரம்ஜானுக்கும் இங்கே சைவச் சாப்பாடு சமைச்சு, வேனில் ஏத்தி, திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கக் கொண்டு போறாங்க. 1795-ல் கட்டின பள்ளிவாசல் அது. தினமும் ஆயிரம் பேர் போல உட்காருவாங்க. தேசம் ரெண்டானதில் வீடு வாசலை இழந்து ஓடி வந்த மனுஷன், மனசில் எதையெதையோ வளர்த்திருக்கலாம். அவர் அடுப்பு மூட்டினார்.

இந்த ரம்ஜானில் ஒரு நண்பன் என்னைப் பரிமாறக் கூட்டிட்டுப் போனான். பரிமாறுறவங்க போடற தொப்பியை என் தலையிலும் வெச்சாங்க. நெத்தியில் காலையில் இட்ட விபூதி அப்படியே இருந்தது. யாரும் என் பேரைக் கேட்கலை. ஒரு பெரியவர் மட்டும் "தம்பி, ஊறுகாய் இன்னும் கொஞ்சம்" என்றார்.

அன்னிக்கு ராத்திரி 'டு-லெட் பாய்'க்குப் போன் பண்ணினேன். யார்னு சொன்னேன்.

"சார், நாங்க ராயப்பேட்டையிலேயே வீடு பார்த்துட்டோமே."

"தெரியலைங்க, ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மாடி காலியாத்தான் இருந்தது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தெரியும் சார். ஒரு மாசம் போர்டு தொங்குச்சே. பொண்ணை ஸ்கூலுக்கு விட அந்த வழியாத்தான் போவேன். அவதான் தினமும் படிச்சுக் காட்டுவா, டு-லெட், டு-லெட்னு."

மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கூப்பிட்டதே பெரிசு சார்" என்றார். வைக்கப் போனவரை நிறுத்தி, "ஒரு நிமிஷம், உங்க பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். அன்னிக்குக் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை.

சொன்னார். எழுதிக்கிட்டேன்.