டீசல் விலையும் கப்பல் வழியும்

மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் கிளம்பும் ரயில், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் எனத் தங்கவயலின் ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ரயிலை நம்பித்தான். வொயிட்ஃபீல்டு நெருங்கும்போது அடுக்கடுக்காகக் கன்டெய்னர் பெட்டிகள் கண்ணில் படும். பெட்டிகள் ரயிலேறி, பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டை வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. அதற்குப் பிறகு அவை எந்த வழியில், ஏன் போகின்றன என்பது பற்றி நம்மிடையே சில நம்பிக்கைகள் வேரோடியிருக்கின்றன. பொருள் அனுப்பும் சிறு தொழில்காரர்களின் பணம் இதில் அடங்கியிருப்பதால், அவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

நம்பிக்கை: பங்க்கில் டீசல் விலை ஏறினால் கப்பல் வாடகையும் ஏறும்.

உண்மை: டீசல் விலை, வொயிட்ஃபீல்டு வரை பெட்டியைக் கொண்டுவரும் லாரியின் வாடகையைத் தொடும். கப்பலின் கணக்கு வேறு. பெட்ரோலும் டீசலும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கனத்த எண்ணெயைத்தான் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் எரிக்கின்றன. ‘பங்கர்’ எனப்படும் அந்த எண்ணெயைச் சிங்கப்பூர், ஃபுஜைரா, ராட்டர்டாம் போன்ற துறைமுகங்களில் நிரப்பிக்கொள்கின்றன. நம் பங்க் விலையில் சேரும் மத்திய, மாநில வரிகள் அதில் இல்லை. 2020 ஜனவரி 1 முதல், கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குக் குறைய வேண்டும் என்று உலகம் முழுவதும் விதி வந்தது. கப்பல் கம்பெனிகளின் எரிபொருள் செலவை அந்த விதி உலுக்கியது. அதற்கும் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை பங்க்கின் டீசல் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

நம்பிக்கை: எந்த வழி குறுகியதோ அதுவே மலிவு. கப்பல் அதில்தான் போகும்.

உண்மை: தூரம் கூடினால் செலவு கூடும் என்ற கணக்கைத் தங்கவயலே ஒருமுறை பொய்யாக்கியிருக்கிறது. ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களில் நீராவி எந்திரங்கள் விறகையும் நிலக்கரியையும் தின்றுகொண்டிருந்தன. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் விறகை எரிப்பதைவிட, அவ்வளவு தூரத்திலிருந்து மின்சாரம் வாங்குவது கட்டுப்படியானது.

கடலிலும் இதே கதைதான். சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்குச் சூயஸ் வழியாக ஏறத்தாழ 8,300 கடல் மைல். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஏறத்தாழ 11,800. ஆனால் சூயஸ் கால்வாயில் சுங்கம் கட்ட வேண்டும். பெரிய கப்பலுக்கு அது பல லட்சம் டாலர். எண்ணெய் மிகவும் மலிந்துபோனால், கூடுதல் மைல்களுக்கு ஆகும் எரிபொருள் அந்தச் சுங்கத்தைவிடக் குறைவாகிவிடும். 2015, 2016-இல் ஆசியாவுக்குத் திரும்பிய சில கப்பல்கள் சூயஸை விட்டு முனையைச் சுற்றி வந்தன. 2020-இல் எண்ணெய் விலை சரிந்தபோது மறுபடியும் அதுவே நடந்தது. கப்பல்கள் கைநழுவிப் போவதைப் பார்த்து, கால்வாய் நிர்வாகம் கட்டணச் சலுகை அறிவித்தது. ஆக, நெடுவழியைத் திறந்துவிட்டது எண்ணெயின் மலிவுதான்.

2023 கடைசியில் தொடங்கிய சுற்றுவழியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சூயஸுக்குப் போகும் வழியான செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கியதால், மாலுமிகளின் உயிருக்கு அஞ்சியும் காப்பீட்டுச் செலவுக்கு அஞ்சியும் எடுத்த முடிவு அது.

எண்ணெய் விலை ஏறும்போது கப்பல் கம்பெனி முதலில் கைவைப்பது வழியில் அல்ல, வேகத்தில். கப்பலை உந்தும் ஆற்றல், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. மணிக்கு 24 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல் 20 கடல் மைலுக்கு இறங்கினால், அதே பயணத்துக்கு ஏறத்தாழ 30 சதவீத எரிபொருள் மிச்சமாகும். 2008-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட பிறகு, மெதுவாக ஓட்டுவதே வழக்கமாயிற்று. சரக்கு ‘இன்னும் வந்து சேரவில்லையே’ என்று நாம் தவிக்கும் பல நாட்கள், கம்பெனி எண்ணெயில் மிச்சம் பிடித்த நாட்கள்.

நம்பிக்கை: சென்னையிலிருந்து கொழும்புக்குப் போய்க் கப்பல் மாறுவது வீண் சுற்று.

உண்மை: பெட்டிக்குச் சுற்றுதான், பெரிய கப்பலுக்கு அல்ல. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கடல்வழி இலங்கையின் தெற்கை ஒட்டிப் போகிறது. ஆயிரக்கணக்கான பெட்டிகளுடன் வரும் தாய்க்கப்பல் சில நூறு பெட்டிகளுக்காகச் சென்னைவரை ஏறி இறங்கினால், அந்த எண்ணெய்ச் செலவைச் சில நூறு பெட்டிகள் தாங்காது. சிறு கப்பல் பெட்டிகளைக் கொழும்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே மலிவு. இந்தியாவின் மாற்றுக்கப்பல் சரக்கில் முக்கால் பங்கை வெளிநாட்டுத் துறைமுகங்களே கையாண்டு வந்திருக்கின்றன. 2025 மே 2-இல் திறந்து வைக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் அந்தக் கிழக்கு-மேற்குக் கடல்வழிக்கு மிக அருகில், இயற்கையான ஆழத்துடன் இருக்கிறது. என்றோ கட்டியிருக்க வேண்டிய துறைமுகம்.

நம்பிக்கை: எண்ணெய் விலை இறங்கினால் வாடகையும் இறங்கும்.

உண்மை: 2020 ஏப்ரலில் எண்ணெய் சந்தை வரலாறு காணாத சரிவைக் கண்டது. மறு ஆண்டே, ஷாங்காயிலிருந்து ராட்டர்டாமுக்கு 40 அடிப் பெட்டி ஒன்றின் வாடகை 10,000 டாலரைத் தாண்டியது. காரணம் கப்பல் தட்டுப்பாடு, பெட்டித் தட்டுப்பாடு, துறைமுக நெரிசல். வாடகையைத் தீர்மானிப்பது இடத்துக்கான போட்டி. எரிபொருள் அதன் அடியில் கிடக்கும் ஒரு கணக்கு மட்டுமே.

ஆகவே, பொருள் அனுப்புகிறவர்கள் ‘எண்ணெய் விலை ஏறிவிட்டது’ என்ற ஒரு சொல்லுக்குத் தலையாட்டிவிடாதீர்கள். ஏஜென்ட் தரும் பில்லில் எரிபொருள் கூடுதல் கட்டணம் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாதத்துப் பங்கர் விலையை வைத்துப் போட்டது, விலை இறங்கினால் அந்த வரியும் இறங்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பெட்டியை ரயிலேற்றுங்கள்.